நிற்பவனுக்குத் திசை சொல்லாத பெட்டி

மான் வேட்டைக்குப் போன நான்கு பேரில் மூன்று பேர், மானை விட்டுவிட்டு நான்காவது ஆளைத் தேடித் திரிந்ததுதான் அந்த வருஷத்து வேட்டை. நான்காவது ஆள் நான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தென் லண்டனில் ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர், போர்மன், ஸ்கொட்லாந்துக்காரர். குளிர்காலத்தில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, பட்டறையில் இருந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தன் ஊர்ப் பக்கம் போய்விடுவார். அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் அங்கே மலைக்காட்டில் மான் பார்க்கும் காவல்காரர். பெருகிப்போன பெண்மான்களைக் குளிர்காலத்தில் சுட்டுக் குறைப்பது அவருடைய உத்தியோகம். இவர்கள் போய் உதவி செய்வார்கள். ஒருமுறை போர்மன் கொண்டுவந்த இறைச்சியில் ஒரு துண்டை நான் வாங்கிப்போய், கறித்தூளும் மிளகும் போட்டுப் பிரட்டி, கன்டீனுக்குக் கொண்டுபோனேன். அடுத்த குளிர்காலம் என்னையும் வரச் சொன்னார். என்னிடம் ஒரு வேட்டைக்காரனின் சாயலைக் கண்டுதான் கூப்பிடுகிறார் என்று நான் மனதார நம்பினேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்தச் சாயலைத் தேடியும் பார்த்தேன். தொப்பையை உள்ளே இழுத்தால் கொஞ்சம் தெரிந்தது.

மலையில் எல்லாரும் துவக்குத் தூக்குவதில்லை. சுடுபவர் ஒருவர், அவருக்குப் பக்கத்தில் காவல்காரர். இரண்டு பேரும் ஈரத்தில் வயிற்றால் ஊர்ந்து போவார்கள். மற்றவர்கள் பின்னால் ஒரு பாறை மறைவில் படுத்திருந்து, வெடிச் சத்தம் கேட்டதும் மலையைச் சுற்றி வந்து மானை இழுக்கக் கைகொடுக்க வேண்டும். என்னை ஒரு பாறைக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போனார்கள். வெடி கேட்டது. நானும் சுற்றினேன். எல்லாம் சரி, சுற்றியது வேறு மலை. ஒரு நீரோடை வந்தது, அதோடு இறங்கினேன். ஒரு வேலி வந்தது, அதோடு நடந்தேன். ஒரு வீடு வந்தது, கதவைத் தட்டினேன். விசில் ஊதி ஊதி உதடு வெடித்துப்போன மூன்று பேரும் கடைசியில் என்னைக் கண்டுபிடித்தபோது, நான் அந்தப் பண்ணை வீட்டுக் குசினியில் அடுப்போரம் காலை நீட்டியபடி கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரி வைத்த கேக்கை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது மரியாதையில்லை. இதை நான் போர்மனுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. தொலைந்து போகவும் அங்கே வழி கிடையாது. எந்த ஒழுங்கைக்குள் தவறுதலாகத் திரும்பினாலும், வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்து, “தம்பி எங்க போறீர்? ஆரின்ரை மகன் நீர்?” என்று கேட்டுவிடும். உறவுமுறைதான் எங்கள் திசைகாட்டி. ஸ்கொட்லாந்து மலையில் எட்டிப் பார்த்தது செம்மறிகள் மட்டும். அவை ஒன்றும் கேட்கவில்லை.

லண்டனுக்குத் திரும்பியதும் கன்டீனில் வைத்துப் போர்மன் தீர்ப்புச் சொன்னார். அடுத்த குளிர்காலமும் நான் வரலாம். ஆனால் மலைக்கு ஏறக் கூடாது. நாங்கள் தங்கும் மலையடி வீட்டில் இருந்து கறி சமைக்க வேண்டும். அவர்கள் களைத்து வரும்போது அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று மற்ற இரண்டு பேரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் என்னில் கோபமில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்போடு குசினிக்குள் தள்ளினால் என்ன செய்வது?

நான் வேட்டைக்குத்தான் வருவேன், சமைக்க வரமாட்டேன் என்று சொன்னேன். தனியாக அனுப்ப முடியாத ஆளை மலையில் வைத்து என்ன செய்வது என்று அவர் கேட்டார். அனுப்பிப் பாருங்கள் என்றேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு ஒரு சோதனை வைத்தார். குரொய்டனுக்கு அப்பால், பஸ் கடைசியாகப் போய்த் திரும்பும் இடத்தில் ஒரு பெரிய காடு இருக்கிறது. இலை உதிரும் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரைபடத்தில் தான் குறித்துத் தரும் இடத்துக்கு நான் தனியாக வந்து சேர வேண்டும். சேர்ந்தால் மலை, சேராவிட்டால் சட்டி. எந்தக் கருவியையும் கொண்டு வரலாம், ஆனால் எதை என்று தான் சொல்ல மாட்டாராம். மலையில் என் கையில் இருக்கப் போவது அது. அதைத் தெரிந்தெடுப்பதும் நானாகவே இருக்க வேண்டுமாம்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“டூட்டிங்கில இறைச்சிக்கடைக்குப் போறதுக்கே ரெண்டு தரம் சுத்துறியள். அங்க மான் வெட்டித் தூக்கி வைச்சிருக்காது, தெரியுமோ?”

அன்றைக்கு அவளுடைய அண்ணனும் வந்திருந்தார். கணக்காளர், ஹரோவில் வீடு வாங்கிக்கொண்டிருந்தார், என்னைவிட மூத்தவர், அதனால் என்னை ‘நீர்’ என்பார்.

“மச்சான், உமக்கு என்ன குறை? பிளேனில ஏறி இஞ்ச வந்து, வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிட்டு, ஒழுங்காத்தானே இருந்தனீர். வெள்ளைக்காரன் மலையில படுத்து உருளுறான் எண்டால் அவன்ரை மலை, அவன் உருளுவான். நீர் ஏன் போறீர்?”

“அவங்கள் மலைக்கு வர வேண்டாம் எண்டுறாங்கள். அதுதான் போறன்” என்றேன்.

அதைவிட நல்ல பதில் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வேட்டையில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை என்பதை இப்போது சொல்லலாம். மானைக் கண்டால் பாவமாகவும் இருக்கும், பசியாகவும் இருக்கும். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு ‘உனக்கு இது சரிவராது’ என்று அன்பாகச் சொன்னவர்களின் வரிசை நீளம். இந்தக் குளிர் சரிவராது, இந்த வேலை சரிவராது, காலில் போட்ட இந்தச் சப்பாத்துச் சரிவராது. சப்பாத்து விஷயத்தில் மட்டும் சொன்னவர் சரி. மற்ற எல்லாவற்றையும் நான் சரிவரப் பண்ணிக் காட்டியிருக்கிறேன். மலையை மட்டும் விடுவேனா?

நகரத்தின் நடுவில், மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அங்கே விற்பனைக்கு நின்ற பெடியனின் கெண்டைக்கால்கள் என் தொடைகளைவிடத் தடிப்பு. அவன் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் இரண்டு பொருட்களை வைத்தான். ஒன்று, தெளிவான பிளாஸ்டிக் தகட்டில் பதித்த சாதாரண திசைகாட்டி. சிவப்பு ஊசி, சுழலும் வட்டம், ஓரத்தில் அளவுகோல், பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்து தப்பி வந்ததுபோல இருந்தது. மற்றது, அப்போதுதான் கடைகளுக்கு வரத் தொடங்கியிருந்த ஜீ.பி.எஸ். செங்கல் கனம், சிக்னல் பிடிக்க ஒரு சின்னக் கொம்பு, சாம்பல் நிறத் திரை. வானத்தில் சுற்றும் செய்மதிகளோடு பேசி, நீ பூமியில் எந்த இடத்தில் நிற்கிறாய் என்று இலக்கத்தில் சொல்லும். திரையில் ஓர் அம்புக்குறியும் வரும்.

எதை எடுப்பது என்று நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. ஊசியா, செய்மதியா? பெடியன், பாட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், மரங்களுக்குக் கீழே பிடிக்காது, கைநூலைக் கட்டாயம் வாசியுங்கோ என்று ஏதேதோ சொன்னான். நான் அந்த நேரம் மனதுக்குள் போர்மனின் முகத்துக்கு முன்னால் அந்த ஜீ.பி.எஸ். பெட்டியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். கைநூலை வாசிப்பதா? கைநூலை வாசிக்கிற யாழ்ப்பாணத்தான் எவனையும் நான் கண்டதில்லை. முதலில் எல்லாப் பொத்தானையும் அமத்துவோம். பழுதானால் அயலில் ஒருத்தரைக் கூப்பிடுவோம்.

நாங்கள் இருந்த தோர்ண்டன் ஹீத்தில் என் மதிப்பு ஒரே வாரத்தில் ஏறியது. எங்கள் வீட்டுப் பின்வளவில் நான் கொம்பை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்க, சாமான் கடைக்குப் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். செய்மதி பிடிக்க ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் எடுக்கும். பிடித்ததும் இலக்கங்கள் வரும். என் வீடு எங்கே இருக்கிறது என்று என் வீட்டு வளவில் நின்றே தெரிந்துகொள்வதில் ஒரு தனிச் சந்தோஷம் இருந்தது.

அந்த மாதம்தான் மச்சானின் ஹரோ வீடு கைக்கு வந்தது. பால் காய்ச்சிக் குடிபூர நாள் வைத்தாயிற்று. அதற்கு முதல் சுவரில் சாமித்தட்டு அடிக்க வேண்டும். சாமிகள் கிழக்குப் பார்க்க வேண்டும். கிழக்கு எது என்று சூரியனைக் கேட்கலாம் என்றால், அந்தக் கிழமை முழுக்கச் சூரியன் லீவு. மச்சான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“மச்சான், அந்தப் பெட்டியை ஒருக்கா கொண்டு வாரும்.”

மான் வேட்டை பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் பெருந்தன்மையாக எதையும் நினைவுபடுத்தவில்லை. ஒரே ஒரு முறைதான் நினைவுபடுத்தினேன். சரி, இரண்டு முறை.

வீட்டுக்குள் பெட்டி செய்மதியைப் பிடிக்கவில்லை. பின்வளவுக்குப் போனேன். மச்சான், மனைவி, ஆணியும் பலகையுமாகத் தட்டு அடிக்க வந்தவர் எல்லாரும் எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். வேலிவரை போய்த் திரும்பி வந்து, வளவின் நடுவில், தட்டு அடிக்கப்போகும் சுவரின் பக்கம் திரும்பி, அசையாமல் நின்றேன். கோயிலில் ஐயர் தீபம் காட்டுகிறபோது நிற்போமே, அப்படி. திரையில் அம்புக்குறி நின்றது. அதைப் பார்த்துக் கணக்குப் பண்ணி, கையை நீட்டி, “இதுதான் கிழக்கு” என்றேன். வானத்தில் இருக்கிற செய்மதி சொன்னால் அதற்கு மேல் யார் கேட்பது? தட்டு அடிபட்டது. பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் ஏறினார்கள்.

குடிபூரல் அன்று காலையில், வேண்டுமென்று செய்ததுபோல, வெயில் எறித்தது. பால் பொங்கி வழிய எல்லாரும் சந்தோஷப்பட்ட நேரம் அது. யன்னலால் வந்த வெயில் நேரே போய்ப் பிள்ளையாரின் இடது காதில் விழுந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே யன்னலைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், பிறகு மச்சானைப் பார்த்தார்.

“சாமியைத் தெற்குப் பார்க்க வைச்சிருக்கிறியள். அது யமன்ரை திசையெல்லோ?”

தூபப் புகைக்குள் அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தாங்கள் என்ன உறவுமுறை என்று சொல்லத் தெரியாதவர்களும் திரும்பினார்கள். மச்சான் பந்தியில் எனக்கு வடை வைக்காமல் போனார்; வேண்டுமென்றா மறந்தா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கைநூலை எடுத்து உட்கார்ந்து வாசித்தவள் என் மனைவி. வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தை என் முன்னால் பிடித்தாள். அந்தப் பெட்டிக்கு நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியும். எந்தப் பக்கம் பார்க்கிறாய் என்று தெரியாது. நடந்தால்தான், முந்தி நின்ற இடத்தையும் இப்போது நிற்கிற இடத்தையும் வைத்துத் திசையைக் கணிக்கும். நின்றுவிட்டால், நீ எந்தப் பக்கம் திரும்பினாலும், கடைசியாக எப்படி நடந்தாயோ அந்த அம்புக்குறியையே சும்மா காட்டிக்கொண்டிருக்கும். நான் வேலிவரை போய் வந்த நடையை வைத்துப் பிறந்த கிழக்கைத்தான் பிள்ளையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சாருங்கோ, மலையில உங்களுக்கு என்ன வேலை? நடக்கிறதோ, நிக்கிறதோ?”

அவள் பகிடியாகத்தான் கேட்டாள். எனக்கு அது நேரே மண்டைக்குள் போனது. நான் மலையில் என்ன செய்தேன்? பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடந்தேன். மான் கண்டுவிடாமல் இருக்க, காதை நிமிர்த்தாமல் இருக்க, பாதி நாள் அசையாமல்தான் கிடக்க வேண்டும். எழும்பி எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டிய அந்த நிமிஷத்தில், இந்தப் பெட்டி என்னைக் கொஞ்சத் தூரம் நடந்து காட்டு என்று சொல்லும். மான் அதற்குள் அடுத்த மலைக்குப் போய்விடும். நடக்கிறவனுக்குத்தான் அந்தப் பெட்டி. வேட்டைக்காரன் நிற்கிறவன்.

பட்டறையில் கதை எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது. போர்மன் சிரித்து முடித்த பிறகு, தோளில் தட்டி, எந்தச் சட்டி கொண்டு வரப்போகிறாய் என்று கேட்டார். நான் அன்றைக்கே அந்தக் கடைக்குத் திரும்பிப் போனேன். கெண்டைக்கால் பெடியன் என்னைக் கண்டதுமே திசைகாட்டியை எடுத்து வைத்தான்.

பிறகு வந்த ஞாயிறுகளில் நான் மிச்சம் கொமன் என்ற பொது வெளியில் ஒரு காட்சிப் பொருளாக இருந்தேன். புல்வெளியின் நடுவில் கொழுத்த ஆள் ஒருவன் கழுத்தில் கயிறு கட்டிய தகட்டைப் பார்த்தபடி, தோளில் திரைச்சீலைத் தடியோடு நடப்பான். தடி, துவக்குக்குப் பதில். நாய் கூட்டி வருகிறவர்கள் விலகிப் போனார்கள். முதல் நாள் ஊசி பித்துப் பிடித்ததுபோல ஆடியது. பழுதான சாமானை விற்றுவிட்டான் என்று கடைக்காரப் பெடியனைத் திட்டினேன். தடியைக் கீழே வைத்துவிட்டு, அவனை இன்னும் திட்டியபடி தகட்டைக் குனிந்து பார்த்தபோது ஊசி ஒழுங்காக வடக்கே போய் நின்றது. தடி இரும்பு. துவக்கும் இரும்புதான். துவக்கைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் திசை பார்க்க வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தது எங்கள் வீட்டுத் திரைச்சீலைத் தடி. மனைவி திரைச்சீலைக்கு என்ன செய்தாள் என்பது வேறு கதை.

சோதனை நாள் அவளும் வந்தாள். தொலைந்து போனால் ஆளை அடையாளம் காட்ட ஒருத்தர் வேண்டும் என்று காரணம் சொன்னாள். சேலைக்கு மேல் மழைக்கோட்டு, காலில் ஓடுகிற சப்பாத்து. போர்மன் முன்னமே போய் இடத்தில் காத்திருந்தார். அவர் தந்த வரைபடத்தில் காட்டின் நடுவில் ஒரு பென்சில் புள்ளி. தகட்டை வைத்துக் கோடு பிடித்து, வட்டத்தைத் திருப்பி, ஊசியைச் சரிப்படுத்தி நடந்தேன். அவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

கொஞ்சத் தூரத்தில் நல்ல பாதை ஒன்று இடது பக்கம் போனது. ஊசி காட்டிய வழியில் ஆளுயர முட்பற்றை.

“சனம் எல்லாம் அந்தப் பாதையாலதான் போகுது” என்றாள். ஒப்பந்தம் முடிந்தது.

“சனம் சும்மா நடக்குது. நான் போற இடத்துக்குப் போறன்.”

“பற்றைக்குள்ள போறதுக்கோ இவ்வளவு படிச்சனீங்கள்?”

எனக்கும் பாதையில் போக விருப்பம்தான். ஆனால் ஊசியின் நேர்கோட்டை விட்டு இறங்கினால் திரும்ப ஏறத் தெரியுமா என்று எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை. பற்றைக்குள் இறங்கினேன். முள் மேல்கோட்டைப் பிடித்தது, தொப்பியைப் பிடித்தது, காதைப் பிடித்தது. அவள் பாதையால் சுற்றி வந்து, நான் மறுபக்கம் வெளியே வரும்போது அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு தோடம்பழம், பாதி உரித்தபடி. இன்னும் நடந்தேன். மரங்கள் விலகின. முன்னால் ஒரு குளம். குளத்துக்கு அந்தப் பக்கம், ஊசியின் நேரே, ஒரு மரக்குற்றியில் போர்மன் உட்கார்ந்து பிளாஸ்க்கில் இருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

சுற்றி வரலாம் என்று அவர் கையால் காட்டினார். நானும் கண்டேன், கரையோரம் நல்ல புல். சுற்றிப் போனால் சப்பாத்தும் நனையாது. அவரைக் கண்ணால் காண்கிறேன், இனித் திசைகாட்டியும் தேவையில்லை. புத்தியுள்ளவன் சுற்றியிருப்பான். ஆனால் போன முறை இதே மனிதர்தான் என்னை மலையைச் சுற்றி வரச் சொன்னவர்.

“இஞ்சாருங்கோ, வேண்டாம்” என்றாள் மனைவி.

இறங்கினேன். குளிர் முழங்கால்வரை ஏறிப் பிறகு இன்னும் மேலே ஏறியது. எவ்வளவு மேலே என்று எழுத இது இடமில்லை. சேறு ஒரு சப்பாத்தைக் கேட்டது, கொடுத்தேன். திசைகாட்டியை மட்டும் தலைக்கு மேல் பிடித்தபடி, ஊசி காட்டிய நேர்கோட்டில் அந்தக் கரைக்குப் போய் ஏறி, போர்மனின் முன்னால் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றேன்.

அவர் தன் தேநீரை என்னிடம் தந்தார். மலைக்கு வா என்றார். அங்கே குளம் வந்தால் தயவுசெய்து சுற்றிப் போ என்றும் சொன்னார். பிறகு, பெரிய யோசனையோடு, அப்படியானால் சமைப்பது யார் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது என்றேன். தூள் தருவேன், ஒரு பொதியில் போட்டு, எப்படி என்று வாயால் சொல்லியும் தருவேன். வெங்காயத்தை மெல்லிய நெருப்பில் வதக்க வேண்டும், அதுதான் முக்கியம், அவசரப்படக் கூடாது.

அந்தக் குளிர்காலம் நான் மலைக்கு ஏறினேன். ஒரு பாறைக்குப் பின்னால் தனியே கிடந்தேன், வெடி கேட்டதும் எழுந்து ஊசியைப் பார்த்து, சரியான மலையைச் சுற்றி, மான் கிடந்த இடத்துக்குப் போனேன். மானைக் கண்டதும் எனக்கு நான் பயந்ததைவிடப் பாவமாகவும், நான் நினைத்ததைவிடப் பசியாகவும் இருந்தது. இழுத்துக் கீழே கொண்டுபோக உதவினேன். அதற்குப் பிறகு, மேலே பாறையில் விட்டுவந்த கயிற்றை எடுத்து வர ஒருத்தர் போக வேண்டும் என்றபோது, போர்மன் என்னைப் பார்த்து, ஒன்றும் யோசிக்காமல், நீ போ என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதுதான் பெரியது.

கயிற்றோடு தனியாகத் திரும்பி வருகிறேன். கீழே மலையடி வீட்டின் புகை தெரிந்தது. எனக்கு முன்னே போய்விட்டவர்கள் அடுப்பு மூட்டிவிட்டார்கள். காற்று என் பக்கம் அடித்தது. வெங்காயம் கருகுகிற மணம். மெல்லிய நெருப்பு என்று அவ்வளவு சொல்லியும், அவசரம். ஓடினால் காப்பாற்றலாம், அவ்வளவு தூரமில்லை. என் கால்கள் தாமாகவே ஓர் எட்டு வைத்துவிட்டன. நிறுத்தினேன். நல்ல தட்டையான ஒரு கல்லைப் பார்த்து, கயிற்றைச் சுருட்டிக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்து, அவர்கள் அதை முழுக்கக் கருக்கி முடிக்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.